ஆயில் மூடி கிடைத்துவிட்டது

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை அங்கேயே நின்றுவிட்டது, அதனால் முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் முழுசாகச் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போனில் சொல்லாமல் ஏன் இவள் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். கூடத்தில் எந்நேரமும் யாராவது துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள், உன் அப்பாவும் இப்போது நாள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றிய பேச்சை அவர் தலைக்கு மேலேயே எப்படிப் பேசுவது. அதோடு போனில் பேசினால் நீ நடுவில் நடுவில் குறுக்கே விழுவாய், எனக்கு விட்ட இடம் மறந்துவிடும். அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து இதற்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மழை விட்டபாடில்லை. சலவைக்கு வந்த விடுதித் துணியும் ஆஸ்பத்திரித் துணியும் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன, எதுவும் காயவில்லை, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறோம், வீட்டுக்குள்ளேயே குனிந்து குனிந்து நடந்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. உன் தம்பி மகள் வாலு மட்டும் அதற்குள் ஓடி ஒளிந்து விளையாடுகிறாள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் அவள்தான் முதல். பரிசு வாங்கப் போனவள் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். என் பேத்தி என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் நானாகச் சொல்லவில்லை, அவர்களாகக் கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தேன், கேட்கக் கொஞ்சம் தாமதமானதால் இரண்டு தடவை இருமினேன். அந்த ஒன்றுதான் இந்த மாதத்தில் நல்ல சேதி. மற்றதெல்லாம் துணி ஏற்றுகிற நம் பழைய வண்டியும் அதன் ஆயில் மூடியும்தான்.

உன் தம்பி உன்னைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, ஆயில் மூடியை மூடாமலே வண்டியை ஓட்டி, குழந்தையை வைத்துக்கொண்டு எஞ்சினைப் புகைய விட்டுவிட்டார் என்று சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்வதற்கு முன்னால் மூடி என்றால் எது என்று உனக்குப் புரிய வேண்டும், நீ எப்போதும் பின் சீட்டில் துணி மூட்டைக்கு மேல் தூங்கிக்கொண்டே போனவள். பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் உச்சியில் கறுப்பாக, சின்ன டப்பா மூடி அளவுக்கு, இரண்டு பக்கமும் காது வைத்து ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்துதான் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றுவது. அதற்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். வண்டிக்கு வயசாக ஆக அந்த வளையம் விறைத்துப்போய் ஆயில் கசியும், கசிந்தது சூட்டில் தீய்ந்து வண்டிக்குள் நாற்றம் வரும். அதனால் அப்பா வாரா வாரம், எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து துணியால் துடைத்து, வளையத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். உள்பக்கம் கொஞ்சமாக வெள்ளை நுரை இருந்தால் மழைக்கால ஈரம்தான், விடு என்பார். பால் ஊற்றினது போல் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது, மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும் என்பார். மோந்துகூடப் பார்ப்பார். உன் தம்பி அதைப் பார்த்துவிட்டு, அப்பா கிழவிக்கு வாய் நாற்றம் பார்க்கிறார் என்பான். வண்டிக்கு அவன் வைத்த பெயர் கிழவி. அவன் கிழவி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது என்று கத்தும்போதெல்லாம் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

இதில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றின மூடியை எஞ்சின் மேலோ தரையிலோ வைக்கவே மாட்டார், நேராகக் கொண்டுபோய் ஓட்டுகிறவர் சீட்டில் வைப்பார். மறந்துபோய் ஏறப் போனாலும் மூடி கண்ணில் பட்டுவிடும், கண்ணில் படாவிட்டாலும் உட்கார்ந்ததும் குத்திவிடும். சீட்டு காலியாக இருந்தால் மூடி எஞ்சின் மேல் இருக்கிறது என்று அவருக்குக் கணக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது தப்பியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவருடைய இடுப்பு வலி. நிமிர்ந்து உட்கார முடியவில்லை என்று போன வருஷம் முழுக்க முனகிக்கொண்டிருந்தாரே, அதற்காக உன் தம்பி பெண்டாட்டி பழைய விரிப்பைக் கிழித்து, பஞ்சு வைத்து, அந்தச் சீட்டுக்கு அளவாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் வலி போயே போச்சு என்றார். ஆயில் கடைக்காரர் முதல் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரைக்கும் மருமகள் மெத்தைதான் மருந்து என்று சொல்லிச் சொல்லி அவள் முகம் பூத்துப்போனது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, நான் தேய்த்துவிட்ட தைலத்தை அவர் ஒரு நாளும் இப்படிப் புகழ்ந்ததில்லை.

அன்று காலையில் மூடியைத் திறந்து, குறைந்திருந்த ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் பானெட்டை இறக்கிவிட்டு, கொடியில் கிடந்த விரிப்புகளை எடுக்க எங்களோடு ஓடி வந்தார். எல்லாவற்றையும் உள்ளே போட்டு, நனைந்ததைப் பிழிந்து, தலை துவட்டுவதற்குள் பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது. வாலுவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி மூட்டைகளோடு கிளம்பினார். பெரிய சாலை வளைவு தாண்டியதும் வண்டிக்குள் புகை. திறந்த வாய் வழியாக ஆயில் வாரி இறைத்து, சூட்டில் பட்டுப் புகைந்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். தெருவில் போனவர்கள்தான் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்லவேளை தீ பிடிக்கவில்லை என்றார்களாம். வாலு இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அந்த இருமலைக் கேட்ட பிறகு உன் தம்பி என்ன பேசினாலும் நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது.

எஞ்சின் இடுக்கெல்லாம் தேடினார்கள், மூடி இல்லை. அப்பா ஒரே பேச்சாக நின்றார். "மூடினேன்டா. மூடலைன்னா சீட்ல இருந்திருக்கும்ல." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உன் தம்பி, மூடினது பறந்தா போச்சு என்று கேட்டான், அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டான். கேட்டு வாங்கியிருக்கலாம். குழந்தையின் பையைச் சோதிப்பது போல அவனே கைவிட்டு எடுத்தான், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காக அவனோடு நான் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அப்புறம் நீ கூப்பிட்டாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை கண்ணு, தூரத்தில் இருக்கிறவளுக்குப் பயம் அதிகம். ஆனால் இன்னைக்கு என்ன கிழமை அப்பா, என் கல்யாணம் எந்த மாசம் நடந்துச்சு, உங்க பேரனுக்கு என்ன வயசு என்று நீ ஒவ்வொன்றாகக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கிழமைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார், இந்தச் சலவை வேலையில் எங்களுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். போனை வைத்துவிட்டு, "பாஸா ஃபெயிலான்னு சொல்லாமலே வச்சிட்டா" என்றார். சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வண்டிப் பக்கமே போகவில்லை. தனக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். குளித்துவிட்டு வந்து, நான் குளிச்சேன்ல என்று என்னைக் கேட்டார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு.

வண்டி நின்றால் வேலை நிற்குமா. மெக்கானிக் வந்து எஞ்சினைக் கழுவி, ஆயில் மாற்றினார். அவரை இங்கே எல்லோரும் அரைமணி என்றுதான் கூப்பிடுகிறார்கள், எதைக் கேட்டாலும் அரைமணியில் ஆகிவிடும் என்பார், அந்த அரைமணி சாயங்காலம் வரை போகும். கடையில் வாங்கின புது மூடி பார்க்க இதே மாதிரிதான் இருந்தது, வைத்துத் திருகினால் பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தக் காலத்து வண்டிக்கு வருவதெல்லாம் மரை வைத்ததாம், நம்முடையது காது கொண்டு பூட்டுவது. பொருந்தாததைத் துணி சுற்றி அடைக்கலாமா என்று உன் தம்பி கேட்டதற்கு, துணி ஆயிலைக் குடித்துத் தீப்பிடிக்கும், வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் உடைக்கப் போட்டிருந்த இதே மாதிரி பழைய வண்டி ஒன்றிலிருந்து மூடியைக் கழற்றி, புது ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். சரியாக உட்கார்ந்துகொண்டது. உன் தம்பி வண்டி ஓட்டப் போய்விட்டான், அவன் பார்த்த கொதிகலன் வேலையை மருமகள் பார்த்தாள், அவள் பார்த்த இஸ்திரியை நான் பார்த்தேன். ராத்திரி சாப்பிடும்போது யாரும் யாரோடும் பேசவில்லை, பேசத் தெம்பில்லை என்பதுதான் உண்மை, கோபம்கூட அப்புறம்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், வண்டிக்குள் புகை நாற்றம் போகவில்லை, வெள்ளைத் துணியில் ஏறிவிடுகிறது என்று, நானே வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். துடைத்துத் துடைத்துக் கால் கடுத்தது, ஓட்டுகிறவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று ஏறினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேனோ இல்லையோ, தொடைக்குப் பக்கத்தில் சுருக்கென்று குத்தியது. மெத்தையைத் தூக்கினால், அடியில், சீட்டு மடிப்பில், இரண்டு காதையும் நீட்டிக்கொண்டு அந்த மூடி.

அப்பா சொன்னது போலவே சீட்டில்தான் வைத்திருக்கிறார். மழை வந்தபோது மருமகள் கொடியிலிருந்து விரிப்புகளோடு அந்த மெத்தையையும் எடுத்திருக்கிறாள், முந்தின நாள் துவைத்துப் போட்டது. ஓடுகிற ஓட்டத்தில் வண்டி ஜன்னல் வழியாகச் சீட்டின் மேல் வீசிவிட்டுப் போயிருக்கிறாள். மூடிக்கு மேலே மெத்தை. அப்பா வந்து பார்த்தபோது மூடி கண்ணில் படவில்லை, அப்படியென்றால் மூடியாகிவிட்டது என்று ஏறிக் கிளம்பிவிட்டார். வேறு மூடி போட்ட பிறகு வண்டியை எடுத்தானே உன் தம்பி, அவனுக்கு ஏன் குத்தவில்லை என்று கேட்பாய். அவனுக்கு மெத்தை உயரமாகத் தலை இடிக்கிறது என்று சீட்டின் பின்பக்கம் தள்ளிவிட்டுத்தான் உட்காருவான், மெத்தையோடு மூடியும் பின்னால் போயிருக்கிறது, நான் உட்கார மெத்தையை முன்னால் இழுத்தபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுத. மூடியை முந்தானையில் பொதிந்து எடுத்துவந்து, உன் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தேன், இந்தாப்பா பறந்துபோன மூடி என்றேன். அவன் மூடியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்து அப்பா முன்னால் வைத்தான். மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல வாய் வரவில்லை, கிழவி உங்களைத்தான் தேடுது என்றான். மருமகள் அழுதேவிட்டாள். அப்பா அவளிடம், மழைல நீ விரிப்பைப் பார்ப்பியா சீட்டைப் பார்ப்பியா, போய் சாப்பிடும்மா என்றார். சாவியைக் கையில் எடுத்து, பெருவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு முகத்தில் களை வந்தது. நான் உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டு எடுத்துவந்தேன்.

வந்து பார்த்தால் மருமகள் அழுகையை நிறுத்திவிட்டு அந்த மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்த மெத்தை, அது எவ்வளவு மெல்லிசு, துவைத்துத் துவைத்துப் பஞ்சு எவ்வளவு அமுங்கிப்போனது என்று அவளுக்குத்தானே தெரியும். அவள் மெதுவாக, ஏதோ உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். "மாமா, இது மேலயா உக்காந்து அவ்ளோ தூரம் ஓட்டினீங்க. குத்தலையா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் உட்கார்ந்த மாத்திரத்தில் குத்தினது, மெத்தையைத் தூக்க வைத்தது, அதையே நான் ஜெயித்துவிட்டேன் என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். அப்பா கையில் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம், கொஞ்சம் குத்தினது போலத்தான் இருந்தது என்றால் நாங்கள் அதோடு விட்டிருப்போம், நான் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன் என்று வைத்துக்கொள். அவர் சொன்னார். "அந்தப் பக்கம் உணர்வே இல்லம்மா, ரொம்ப நாளா. பிரேக் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துட்டுத்தான் மிதிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சாவியை மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். உன் தம்பி அதை எடுக்கவில்லை. சாயங்காலம் வரை அது அங்கேயே கிடந்தது, தட்டை எடுத்தோம், இடத்தைத் துடைத்தோம், சாவியைச் சுற்றித் துடைத்தோம்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். வலி போனது குணமானதால் இல்லையாம், இடுப்பில் நரம்பு நசுங்கி உணர்வு செத்துக்கொண்டு வந்ததால்தானாம். மெத்தையை அவ்வளவு புகழ்ந்தாரே, மருமகள் ஆஸ்பத்திரி நடைவழியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது, வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அதற்கு உன் அப்பா, அதுதான் டாக்டர் முடியல, எனக்கு ஞாபகமெல்லாம் நல்லாவே இருக்காம் என்றார். டாக்டர் சிரித்தார், விஷயம் அவருக்குத் தெரியாது. ஆபரேஷனுக்குச் சரி என்றுவிட்டார், அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். நீ ஓடி வர வேண்டாம், பேரனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, மருமகளும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வோம். வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

எனக்கு அலுத்துப்போகிறது மகளே. அவர் மறதிக்காரர் இல்லை என்று நிரூபிக்க அத்தனை சண்டை போட்டேன், நிரூபித்தும் விட்டேன், அதனால் என்ன கிடைத்தது என்று இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசிக்கிறேன். காலையில் அவர் வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிடுகிறார், சட்டை போட்டுக்கொள்கிறார், வந்து கூடத்தில் உட்காருகிறார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால், கியரைச் சீக்கிரம் மாத்துறான் என்று முணுமுணுக்கிறார். உன் தம்பியிடம் அதைச் சொல்வதில்லை. அவனும் இப்போது அப்பா எதிரில் வண்டியைப் பற்றி எதுவும் பேசுவதில்லை, அது இன்னும் மோசமாக இருக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்குக் கேட்ட கேள்விகளுக்காக மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். மாப்பிள்ளை அங்கே யாரிடமோ ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார் என்று வாலுவிடம் சொன்னாயாமே. இனிமேல் கூப்பிடும்போது நீ கேட்பதை விட்டுவிடு, அவர் கேட்கட்டும். அதன் ஆயில் மூடி எப்படி இருக்கிறது, வளையம் விறைத்திருக்கிறதா, உள்ளே நுரை படிந்திருக்கிறதா, என்ன வாசனை அடிக்கிறது என்று ஒன்றுவிடாமல் கேட்பார். பார்த்தேன் என்று வாயால் சொல்லாதே, உன் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறின பிறகு நிஜமாகவே திறந்து, கையில் கறை பட்டாலும் பரவாயில்லை, தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

பேரனுக்குக் குளிரில் காதை மூடி அனுப்பு, நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல், என் ஆயுசையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நல்லா இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டால் அவர் முழித்திருப்பார், நான் போனை எடுத்து நேராக அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்குத் தெரியாமல் துணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதி முடித்த,
உன் அம்மா